முகமுகமாய்: மெய்நிகர் உலகைக் குறித்த ஒரு கதையும் இரு படங்களும்

முன்னுரை

திருச்சபை ஊழியர் கூடும் இடங்களில் கணினி விளையாட்டைப் பற்றிய பேச்சு எழும்போது, அது பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றில் செல்கிறது. இளைஞர் அறைக் கதவை அடைத்துக்கொண்டு பொய்யுலகில் வாழ்கின்றனர் என்று ஒரு சாரார் வருந்துவர். இளைஞர் அங்கே இருப்பார்களானால் நாமும் அங்கே சென்று ஓர் ஆலயம் கட்டவேண்டும் என்று மற்றொரு சாரார் கூறுவர். இரு சாராரும் ஒன்றை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றனர். அங்கே நடப்பது இன்னதென்று தமக்குத் தெரியும் என்பதே அது. தெரியாத ஒன்றைக் கண்டிப்பதும் எளிது. தெரியாத ஒன்றில் குடியேறுவதும் எளிது. அதை அறிந்துகொள்வதே கடினம்.

இவ்வறிவிற்குத் துணைபுரியக்கூடிய மூன்று படைப்புகளை இக்கட்டுரையில் எடுத்துக்கொள்கிறோம். முதலாவது, ஆங்கில எழுத்தாளர் இ. எம். ஃபார்ஸ்டர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘த மெஷின் ஸ்டாப்ஸ்’ என்னும் நெடுங்கதை. ‘இயந்திரம் நிற்கிறது’ என இதன் பெயரைத் தமிழில் கூறலாம். இரண்டாவது, ஜோ ஹண்டிங் என்னும் இளம் இயக்குநர் 2022இல் வெளியிட்ட ‘வீ மெட் இன் வர்ச்சுவல் ரியாலிட்டி’ என்னும் ஆவணப்படம். மூன்றாவது, நார்வே நாட்டவரான பெஞ்சமின் ரே இயக்கி 2024இல் வெளிவந்த ‘த ரிமார்க்கபிள் லைஃப் ஆஃப் இபெலின்’ என்னும் ஆவணப்படம். இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால், மெய்நிகர் உலகின் வருங்காலத்தைக் குறித்து நாம் கேட்கவேண்டிய கேள்வி எது என்பது தெளிவாகும் என்பது நம் துணிபு.

1. சொல்லும் பொருளும்

மெய்நிகர் உலகம் என்னும் சொற்றொடர் இரு பொருள்களில் வழங்குகிறது. குறுகிய பொருளில், அது தலையில் அணியும் ஒரு கருவியினால் உண்டாக்கப்படும் காட்சியைக் குறிக்கும். அக்கருவி இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. மனித மூளை அவ்விரண்டையும் இணைத்து ஆழமுள்ள ஒரே காட்சியாகக் கொள்கிறது. தலை திரும்பும்போது காட்சியும் திரும்புவதால், அணிந்தவர் ஒரு படத்தைப் பார்ப்பதாக அன்றி, ஓரிடத்தில் இருப்பதாகவே உணர்கிறார். 1968இல் அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லண்ட் இத்தகைய கருவி ஒன்றை அமைத்தார். அதனோடு பிணைந்த அமைப்பு கூரையிலிருந்து தொங்கவிடப்பட்டிருந்தது. 1980களில் ஜாரன் லேனியர் என்பவரால் இத்துறையின் பெயர் பரவிற்று. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம், ஆக்குலஸ் என்னும் ஹெட்செட் நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியபின், இது ஆய்வுக்கூடத்தை விட்டுச் சந்தைக்கு வந்தது.

விரிந்த பொருளில், பலர் ஒரே நேரத்தில் உருவங்களின் வாயிலாக நடமாடி, பேசி, விளையாடிப் பழகும் எந்தக் கணினி உலகையும் இச்சொல் குறிக்கும். 2004இல் வெளியான ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ என்னும் விளையாட்டு இவ்வகையில் புகழ் பெற்றது. அதற்கு ஹெட்செட் வேண்டுவதில்லை. சாதாரணக் கணினித் திரை போதும். ஆயினும் தனித்திருக்கும் ஒருவர் தம் அறையை விட்டு அகலாமலே பிறரோடு கூடி வாழும் நிலை இரண்டிற்கும் பொதுவானது. திரையில் தொடங்கியதை ஹெட்செட் தீவிரமாக்குகிறது. ஆதலின், திரை விளையாட்டைப் பற்றிய ஒரு படத்தையும் இங்கே சேர்த்து ஆராய்வது முறையே.

2. அறைக்குள் அடங்கிய மாந்தர்: ஃபார்ஸ்டரின் கதை

பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து, அந்த அனுபவத்திலிருந்து 1924இல் பெரும் நாவல் ஒன்றைப் படைத்த ஃபார்ஸ்டர், இக்கதையை எழுதியபோது 30 வயதை எட்டிக்கொண்டிருந்தார். எச். ஜி. வெல்ஸ் கற்பனை செய்த எதிர்கால இன்பவுலகங்களுக்கு மறுப்பாகவே இதை எழுதியதாக அவரே பின்னர்க் குறிப்பிட்டுள்ளார். தொலைக்காட்சி தோன்றுவதற்கு முன்னரே எழுதப்பட்ட இக்கதையில் மனிதர் பூமிக்கு அடியில், தேன்கூட்டின் அறைகளைப் போன்ற சிற்றறைகளில், ஒருவர்க்கு ஓர் அறையாக வாழ்கின்றனர். பொத்தானை அழுத்தினால் உணவும் இசையும் மருத்துவமும் வருகின்றன. நண்பர்களின் உருவங்கள் ஒளித்தட்டில் தோன்றுகின்றன. ஆயிரக்கணக்கானோரை அறிந்திருந்தும் ஒருவரையும் தொடாத வாழ்க்கை அது.

கதையின் தலைவி வஸ்தி. அவள் மகன் குனோ. பூமியின் தென்பாதியில் தாயும் வடபாதியில் மகனும் வாழ்கின்றனர். இயந்திரத்தின் வழியாக அன்றி நேரில் வந்து தன்னைக் காணும்படி மகன் கேட்கிறான். ஒளித்தட்டில் காண்பதே போதாதா என்று தாய் வியக்கிறாள். இவ்வேண்டுகோளே கதையின் அச்சாணி. அவள் வேண்டாவெறுப்பாகப் பயணம் மேற்கொள்கிறாள். வான்கப்பலில் கால் இடறியபோது பணிப்பெண் ஒருத்தி கைகொடுத்துத் தாங்குகிறாள். அதற்காக வஸ்தி சினம் கொள்கிறாள். ஒருவரையொருவர் தொடும் வழக்கம் அவ்வுலகில் ஒழிந்துவிட்டது. விழவிருந்தவளைத் தாங்கிய கை அங்கே ஒழுங்கீனமாகக் கருதப்படுகிறது. கதை முழுவதிலும் நம் மனத்தில் ஆழப் பதியும் காட்சி இதுவே.

எஸ்தர் நூலில் வரும் வஸ்தி, பலர் பார்க்கும்படி தன்னைக் காட்டுமாறு பணிக்கப்பட்டபோது மறுத்தவள். இக்கதையின் வஸ்தியோ ஒருவனுக்கு நேரில் முகம் காட்டத் தயங்குபவள். முன்னவளின் மறுப்பு மானத்தைக் காத்தது. பின்னவளின் தயக்கம் அன்பைக் கொன்றது. காட்சிப்பொருளாகாமல் இருப்பதும் காணப்படாமல் இருப்பதும் வேறுவேறு என்பதை இவ்வொப்புமை உணர்த்துகிறது.

இறுதியில் இயந்திரம் நின்றுபோகிறது. இதற்குள் மக்கள் அதை வழிபடத் தொடங்கிவிட்டிருந்தனர். அதைப் பழுதுபார்க்க அறிந்தவர் எவருமில்லை. இருளில், இடிபாடுகளின் நடுவே, தாயும் மகனும் ஒருவரையொருவர் தொட்டபடி மடிகின்றனர். கதையின் முதல் வேண்டுகோள் சாகும் வேளையில்தான் நிறைவேறுகிறது.

இக்கதையின் முன்னறிவை வியக்காதார் இலர். ஆயின் திறனாய்வு வியப்போடு நின்றுவிடலாகாது. இதில் இரு குறைகளை நாம் காண்கிறோம்.

முதலாவது, இயந்திரம் மனித முகத்தின் நுண்ணிய உணர்வுகளைக் கொண்டுசெல்லாது என்பதை ஃபார்ஸ்டர் தம் வாதத்திற்குப் பெரிதும் துணையாகக் கொள்கிறார். இன்றைய கருவிகளோ இவ்விடைவெளியைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட குவெஸ்ட் ப்ரோ என்னும் ஹெட்செட், அணிந்தவரின் கண்ணசைவையும் முக அசைவையும் உணர்ந்து அவருடைய உருவத்தில் காட்டிற்று. ஆப்பிள் நிறுவனம் 2024 பிப்ரவரியில் 3,499 டாலர் விலையில் வெளியிட்ட விஷன் ப்ரோ, அணிந்தவரின் முகத்தையே உருவாக்கிப் பிறர்க்குக் காட்டுகிறது. நுணுக்கம் போதாது என்பது மட்டுமே நம் வாதமாயின், பொறியாளர் அதை ஒருநாள் தகர்த்துவிடுவர். நமக்கு அதனினும் ஆழமான வாதம் தேவை.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. குனோ எவ்வாறு விடுதலை தேடுகிறான்? தன் கால்களின் வலிமையால். அறைக்கு வெளியே உள்ள மேடையில் நடந்து நடந்து தசைகளைப் பயிற்றுவிக்கிறான். பழைய காற்றுக்குழாய் ஒன்றில் ஏறிப் பூமியின் மேற்பரப்பை அடைகிறான். உடலின் வலிமையே மனிதனை மீட்கும் என்பது இக்கதை கூறும் நற்செய்தி. அப்படியாயின், நடக்க இயலாதவனுக்கு அதில் என்ன பங்கு? கதவைத் திறக்கும் வலிமை கைகளுக்கு இல்லாதவன் எக்குழாயில் ஏறுவான்? இவ்வினா ஃபார்ஸ்டருக்கு எழவில்லை. நூறாண்டுகளுக்குப்பின் நார்வேயிலிருந்து ஒருவர் அதை எழுப்பினார். அவரிடம் செல்லுமுன் இரண்டாம் படைப்பைக் காண்போம்.

3. கைகள் பேசும் வகுப்பு

ஜோ ஹண்டிங்கின் படம் முழுவதும் ‘விஆர்சாட்’ என்னும் மெய்நிகர் உலகினுள்ளேயே படமாக்கப்பட்டது. பெருந்தொற்றினால் உலகெங்கும் மக்கள் வீடுகளில் அடைபட்டிருந்த காலம் அது. இயக்குநரும் ஓர் உருவமாக அதனுள் புகுந்து, அங்கேயே இயங்கும் கேமராவினால் படம் பிடித்தார். அவ்வுலகில் சந்தித்துக் காதல்கொண்டவர்கள் இதில் இடம்பெறுகின்றனர். ஆயினும் படத்தின் சிறந்த பகுதி, அமெரிக்கச் சைகைமொழி கற்பிக்கப்படும் வகுப்பேயாகும். செவிப்புலன் அற்ற ஆசிரியர் ஒருவரும் அவ்வகுப்பில் கற்பிக்கிறார்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். மெய்நிகர் உலகை உடலற்ற உலகம் என்று எண்ணி வந்தோம். ஆனால் சைகைமொழி முழுக்க முழுக்க உடலின் மொழி. கையும் விரலும் முகமும் இன்றி அது இல்லை. கைக்கருவிகளுள் சில விரல்கள் அனைத்தின் அசைவையும் உணர்வதில்லை. ஆதலின் அங்கே சைகைகள் சில மாற்றி அமைக்கப்படுகின்றன. கொன்னிப் பேசுவோர்க்குச் செவிசாய்ப்பது போல, ஒருவர் கருவியின் குறையை மற்றவர் பொறுத்துக்கொள்கின்றனர். ஒலியையே நம்பி வழிபாடு நடத்தும் நம் சபைகளில் செவிப்புலன் அற்றோருக்கு இத்தகைய இடம் எத்துணை உண்டு என்று இவ்வகுப்பு நம்மைக் கேளாமல் கேட்கிறது.

எனினும் இப்படத்தை நாம் முழுமையாகப் பாராட்ட இயலவில்லை. அது அவ்வுலகை விட்டு ஒருபோதும் வெளியே வருவதில்லை. உருவங்களுக்குப் பின்னால் உள்ள அறையை, நாற்காலியை, உண்ணப்படாத உணவை, கூப்பிடும் தாயை அது காட்டுவதில்லை. அன்பை மிகுதியாகவும் தீமையைக் குறைவாகவும் காட்டுகிறது. 2021இன் இறுதியில் மெட்டா நிறுவனத்தின் ‘ஹொரைசன் வேர்ல்ட்ஸ்’ என்னும் மெய்நிகர் உலகைச் சோதித்துக்கொண்டிருந்த ஒருவர், தம் உருவத்தை அந்நியர் ஒருவர் தகாத முறையில் தீண்டியதாக முறையிட்டார். 2022 பிப்ரவரியில், உருவங்களுக்கு இடையே குறிப்பிட்ட இடைவெளி தானே அமையும்படி அந்நிறுவனம் ஏற்பாடு செய்தது. ‘அங்கே உடலே இல்லையே, தீண்டல் எங்ஙனம்?’ என்று கேட்பவர், அவமதிப்பு உடலில் உணரப்படுவதை அறியாதவர். உருவம் பொய்யாயினும் நாணம் மெய். உருவம் பொய்யாயினும் ஆறுதலும் மெய். நன்மையைக் காட்டும் படம் தீமையையும் காட்டியிருக்குமாயின், அந்நன்மையின் சாட்சி வலுப்பெற்றிருக்கும்.

4. இபெலின் என்னும் பெயரில் வாழ்ந்தவர்

மாட்ஸ் ஸ்டீன் 1989இல் நார்வேயில் பிறந்தார். டூஷேன் என்னும் மருத்துவர் பெயரால் வழங்கும் தசைச் சிதைவு நோய் அவருக்கு இருந்தது. பிறவியிலேயே மரபணுவில் அமைந்துள்ள குறையினால் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் நோய் அது. சிறுவயதிலேயே சக்கர நாற்காலியில் அமர்ந்தார். வளர்ந்தபின் அவருடைய நாள்களில் பெரும்பகுதி ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டில் கழிந்தது. 2014 நவம்பரில், 25ஆம் வயதில் அவர் இறந்தார். நட்பும் காதலும் பிறர்க்குப் பயன்படும் வாழ்வும் தம் மகனுக்குக் கிட்டாமலே போயின என்று பெற்றோர் துயருற்றனர். மகன் எழுதிவந்த வலைப்பதிவில் அவருடைய மரணச் செய்தியைத் தந்தை வெளியிட்டார். பின்னர் பல நாடுகளிலிருந்தும் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. ‘ஸ்டார்லைட்’ என்னும் குழுவில் ‘இபெலின்’ என்ற உருவத்தில் அவரோடு பழகியவர்கள், அவர் தங்களுக்கு யாராயிருந்தார் என்பதை எழுதினர்.

பெற்றோர் அறியாதிருந்த அவ்வாழ்வையே பெஞ்சமின் ரே படமாக்கினார். குழுவினர் சேமித்து வைத்திருந்த உரையாடல் பதிவுகள் பல்லாயிரம் பக்கங்கள் இருந்தன. அவற்றின் துணைகொண்டு, விளையாட்டின் உருவங்களாலேயே பழைய நிகழ்ச்சிகள் அசைவோவியமாக மீண்டும் படைக்கப்பட்டன. நெதர்லாந்தைச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணிடமிருந்து அவளுடைய பெற்றோர் கணினியைப் பறித்துக்கொண்டபோது, மாட்ஸ் அப்பெற்றோருக்குக் கடிதம் எழுதினார். டென்மார்க்கில் ஒரு தாயும் அவருடைய மகனும் நெருங்கமுடியாமல் தவித்தனர். மகனோடு சேர்ந்து விளையாடும்படி அத்தாய்க்கு ஆலோசனை கூறினார். விளையாட்டில் இரு உருவங்களும் தழுவிக்கொள்ளத் தொடங்கியபின், வீட்டிலும் அவர்களுக்கிடையே இருந்த தடை தளர்ந்தது.

இப்படத்தை நாம் உயர்வாகக் கருதுவதற்குக் காரணம், அது மாட்ஸைப் புனிதராக்காததே. அவர் சிலரைப் புண்படுத்தினார், நெருங்கி வந்தவர்களை விலக்கினார், பின் வருந்தினார். இதற்கெல்லாம் மேலாக, நெடுங்காலம் தம் நோயை அவர்களிடமிருந்து மறைத்தார். இபெலின் ஓடினான், வாளேந்தினான், பெண்களோடு வேடிக்கை பேசினான். அவனை இயக்கியவரோ விரல்களை மட்டுமே அசைக்க வல்லவராயிருந்தார். 2013இல் வலைப்பதிவு எழுதத் தொடங்கியபோதே தம் உடலின் நிலையை அவர் வெளிப்படுத்தினார். படத்தின் உண்மையான திருப்பம் இதுவே என்பது நம் கருத்து. மாட்ஸ் தம் உடலிலிருந்து தப்பி ஓடும் இடமாக அவ்விளையாட்டு தொடங்கியிருக்கலாம். ஆயின் அவ்வுடலைக் குறித்து அறிக்கையிடக்கூடிய இடமாகவும் அதுவே பின்னர் அமைந்தது. மறைத்துக்கொண்டிருந்தவரை நேசித்தவர்கள், வெளிப்படுத்தியவரையும் நேசித்தனர்.

ஃபார்ஸ்டருக்கு எழாத வினாவிற்கு இங்கே விடை உண்டு. நடக்க இயலாதவனுக்கு அறையை விட்டு வெளியேற ஒரு வாயில் திறந்தது. அவ்வாயிலை இயந்திரமே தந்தது. சக்கர நாற்காலியைக் காணுமுன் தம்மைக் காணும் மனிதரை மாட்ஸ் அங்கே கண்டார். இது நமக்கு நாணத்தைத் தரவேண்டிய செய்தி. அந்நாற்காலியைத் தாண்டி ஆளைக் காணும் கண் நம்மிடம் இருந்திருந்தால், இத்தகையோர் அதைத் தேடி அத்துணைத் தொலைவு சென்றிருக்கவேண்டுவதில்லை.

படத்தைக் குறித்து ஒரு குறையையும் கூறவேண்டும். அசைவோவியக் கலைஞர்கள் உருவங்களின் முகத்தில் தீட்டியிருக்கும் உணர்ச்சி, மாட்ஸும் அவருடைய நண்பர்களும் விளையாடியபோது திரையில் கண்டதன்று. அவர்கள் கண்டவை பெரும்பாலும் எழுத்துகளே. பார்வையாளர் உள்ளம் உருகுவது, இயக்குநர் தந்த முகத்தைக் கண்டுமாகும். மெய்நிகர் உலகை உண்மையென நிலைநாட்ட வந்த படம், அதற்கு இல்லாத சதையை இரவல் கொடுக்கிறது. முகத்தைக் காணவேண்டும் என்னும் வேட்கை எத்துணை வலியது என்பதற்கு இவ்விரவலே சான்றாகும்.

படம் அடக்க ஆராதனையில் உச்சத்தை அடைகிறது. ஸ்டார்லைட் குழுவினர் சிலர் வேறு நாடுகளிலிருந்து பயணம் செய்து நார்வேக்கு வந்தனர். சவப்பெட்டியின்மேல் அக்குழுவின் கொடி விரிக்கப்பட்டது. விளையாட்டில் ஒரு நிகழ்ச்சி நடத்தி அவர்கள் அமைதிகொண்டிருக்கலாம். பிற்காலத்தில் ஆண்டுதோறும் அவ்வாறு நினைவுகூர்ந்தும் வருகின்றனர். ஆயினும் அன்று சிலருக்கு அது போதவில்லை. அவர்கள் வந்தனர்.

5. நிலம் யாருடையது?

மேலே செல்லுமுன் மற்றொன்றையும் கருதவேண்டும். இப்படத்தைத் திரைக்குக் கொண்டுவருவதற்கு, அவ்விளையாட்டின் உரிமையாளரான பிளிஸார்ட் நிறுவனத்தின் இசைவை இயக்குநர் பெறவேண்டியிருந்தது. இசைவு கிடைத்தது. ஆனால் ஒரு மகனுடைய வாழ்வின் நினைவு ஒரு வணிக நிறுவனத்தின் உடைமையோடு பிணைந்து கிடந்தது என்பதை நாம் கவனியாமல் விடலாகாது.

இதே உண்மை திருச்சபை வாழ்விலும் வெளிப்பட்டது. டி. ஜே. சோட்டோ என்னும் அமெரிக்கப் போதகர் 2016இல் மெய்நிகர் உலகில் மட்டுமே கூடும் ஒரு சபையைத் தொடங்கினார். 2018இல் உருவங்களின் வாயிலாகவே ஒருவருக்குத் திருமுழுக்கும் அளித்தார். வீட்டை விட்டு வெளிவர இயலாத நோயாளிகளும் வேறெந்த ஆலயத்திலும் நுழையத் துணியாதவர்களும் இத்தகைய கூடுகைகளுக்கு வந்தனர். இச்சபை கூடிய இடங்களுள் ஒன்று ‘ஆல்ட்ஸ்பேஸ் விஆர்’ என்பதாகும். 2017இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை வாங்கிற்று. 2023 மார்ச் 10ஆம் நாள் அதை மூடிவிட்டது. போர் இல்லை, வெள்ளம் இல்லை, துன்புறுத்தலும் இல்லை. கூடியவர்களின் நம்பிக்கை குன்றியதனாலும் அன்று. வேறொருவருடைய கணக்குப் புத்தகத்தில் அவ்விடம் இடம் இழந்தது, அவ்வளவே. நம் முன்னோர் ஓலைக் கொட்டகையில் கூடினாலும், அந்த நிலம் யாருடையது என்று கேட்டே கூடினர்.

வருங்காலத்தைக் குறித்து நிறுவனங்கள் கூறும் முன்னறிவிப்புகளையும் இவ்வாறே எடைபோடவேண்டும். 2021 அக்டோபரில் ஃபேஸ்புக் தன் நிறுவனப் பெயரையே மெட்டா என்று மாற்றிக்கொண்டு, மக்கள் கூடிவாழும் இடம் இனி இதுவே என்றது. இத்துறைக்கான அதன் பிரிவு 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1,770 கோடி டாலர் இழப்புக் கண்டது. மெய்நிகர் உலகம் எங்கும் பரவியே தீரும் என்பதும் ஒரு நம்பிக்கை அறிக்கையே. அதை நாம் ஏற்கவேண்டிய கட்டாயம் இல்லை. அது வரலாம், வராமலும் போகலாம், நாம் எண்ணாத வடிவில் வரலாம். எந்த வடிவில் வரினும் அதை அளக்கும் கோல் நம் கையில் இருக்கவேண்டும்.

6. காகிதமும் மையும்

அக்கோல் எது? விரைந்து தீர்ப்புச் சொல்ல விழைவோர், மெய்நிகர் உலகம் தோசேத்தியத்தின் மறுபிறப்பே என்பர். கிறிஸ்துவின் உடல் வெறுந்தோற்றமே என்ற பழைய பிழைக்கொள்கையோடு இதை ஒப்பிடுவது கவர்ச்சியான வாதம். ஆனால் நாம் கண்ட இரு படங்களும் இவ்வாதம் போதாது என்று காட்டுகின்றன. அங்கே நாணமும் ஆறுதலும் மெய்யாயிருந்தன.

யோவானின் இரண்டாம் நிருபம் இங்கே நமக்கு உதவுகிறது. கிறிஸ்து மாம்சத்தில் வந்ததை அறிக்கையிடாதவரை எதிர்க்கும் நிருபம் அது. அதே நிருபத்தின் முடிவில் ஆசிரியர், எழுதவேண்டியவை பல இருந்தும் காகிதத்தினாலும் மையினாலும் அவற்றை எழுத மனமில்லை என்றும், நேரில் வந்து முகமுகமாய்ப் பேசும்போதே மகிழ்ச்சி நிறைவாகும் என்றும் கூறுகிறார். மாம்சத்தை வலியுறுத்துபவரே மாம்சமற்ற கடிதத்தையும் எழுதுகிறார்! கடிதம் பொய் என்று அவர் எண்ணியிருந்தால் எழுதியிருக்கமாட்டார். கடிதமே போதும் என்று எண்ணியிருந்தால் வர விரும்பியிருக்கமாட்டார். கடிதம் மெய்யானது, ஆயினும் நிறைவானதன்று. வருகையை வேண்டி நிற்பதே நல்ல கடிதத்தின் இலக்கணம்.

மெய்நிகர் உலகை ஒரு கடிதமாகக் கருதலாம் என்பது நம் முடிபு. கடிதத்தைக் குறித்து, காகிதம் எவ்வளவு வழவழப்பானது என்று நாம் கேட்பதில்லை. எழுதியவர் வருவாரா என்றே கேட்கிறோம். ஃபார்ஸ்டரின் வஸ்தி பெற்ற காட்சிகள் எல்லாம் வருகையின் தேவையை ஒழித்த கடிதங்கள். ஆகவே அவை அவளைக் கொன்றன. இபெலினின் நண்பர்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிய கடிதங்கள் அவர்களுள் சிலரை ஒரு சவப்பெட்டியின் அருகே கொண்டுவந்து நிறுத்தின. இரு படைப்புகளும் ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றினும், இறுதியில் ஒரே சாட்சி பகர்கின்றன. இரண்டிலும் சாவின் முன்னிலையில் உடல் உடலைத் தேடி வருகிறது. அவ்வருகை இரண்டிலும் தாமதமாகவே வருகிறது என்பதுதான் துயரம்.

கணினி உலகில் ஒருவர் பூணும் உருவத்திற்கு ஆங்கிலத்திலும் ‘அவதாரம்’ என்றே பெயர் வழங்குகிறது. அச்சொல்லைக் கிறிஸ்துவுக்கு ஆளலாமா என்னும் ஆராய்ச்சி நம் இறையியலாருக்குப் புதிதன்று. 1920களில் சென்னையைச் சேர்ந்த வி. சக்கரை அவர்கள் இயேசுவை அவதாரம் என்று துணிந்து கூறியபோது, அவ்வவதாரம் வந்து மறைவதன்று, என்றும் நிலைப்பது என்பதை வலியுறுத்தினார். இவ்வேறுபாடு இன்று புதிய பொருள் பெறுகிறது. கணினியின் அவதாரத்தை நினைத்தபோது பூணலாம், துன்பம் வரும்போது களையலாம். இழப்பின்றி விலகிச்செல்லும் உரிமையே அவ்வுலகின் பெருங்கவர்ச்சி. அதுவே அதன் பெருங்குறையும் ஆகும். களைய முடியாத உடலோடு, விலக முடியாதபடி ஒருவர் பக்கத்தில் நிற்பதே அன்பின் உரைகல். மாட்ஸின் பெற்றோர் அவரைப் பேணி வளர்த்தபோது எந்த உருவத்தையும் களைந்துவிட்டுச் செல்ல அவர்களுக்கு வழியில்லை. நண்பர்கள் அவருடைய உள்ளத்தை அறிந்திருந்தனர். பெற்றோர் அவருடைய உடலைச் சுமந்தனர். ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியாதிருந்தனர் என்பதே இப்படத்தின் ஆழ்ந்த சோகம்.

முடிவுரை

இனி, முன்னுரையில் கூறிய இரு சாராருக்கும் நாம் சொல்லவேண்டியது யாது? அது பொய்யுலகம் என்று வருந்துவோர், தம் சபையில் கதவடைத்துக்கொண்டிருக்கும் இளைஞனிடம் சென்று, அங்கே அவனுடைய பெயர் என்ன, அவனுக்காக யார் காத்திருக்கிறார்கள், அவன் யாருக்கு ஆறுதலாயிருக்கிறான் என்று கேட்கட்டும். மாட்ஸின் பெற்றோர் இவ்வினாக்களுக்கு விடையை மகனின் மரணத்திற்குப் பின்னரே பெற்றனர். நாம் அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. அங்கே ஆலயம் கட்ட விரைவோர், அந்த நிலம் யாருடையது என்று முதலில் கேட்கட்டும். பின்னர், அங்கே சந்தித்தவரின் நோய்ப்படுக்கைக்கும் கல்லறைக்கும் செல்ல ஆள் உண்டா என்று கேட்கட்டும். அவ்வாறு செல்ல ஆளில்லாத சபை, மெய்நிகர் உலகில் கூடினும் கருங்கல் ஆலயத்தில் கூடினும் ஒன்றே.

நம் சபைகளில் படுத்த படுக்கையாயிருப்போர் எத்தனை பேர், கடைசியாக அவர்களுடைய வீட்டுப்படியை எப்போது மிதித்தோம் என்பதைச் சபைப் பதிவேட்டை எடுத்து எண்ணிப் பார்ப்போமானால், இயந்திரத்தைக் குறித்துத் தீர்ப்புக் கூற நமக்குள்ள தகுதி எவ்வளவு என்பது விளங்கும். அதன்பின் இவ்வாய்வை மீண்டும் தொடங்கலாம்.